உயிரோடிருப்பவளுக்கு முப்பது பூசை

என் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய வேண்டும் என்று பங்குச்சாமி மன்றாடியபோது நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வார நாள் காலைப் பூசை. வழக்கமாக வருகிற பத்துப் பதினைந்து பேர்தான். என் பெயரை, அப்பா பெயர், கணவர் பெயர் எல்லாம் சேர்த்து, முழுநீளத்துக்கு வாசித்து, "இன்றைய திருப்பலி இவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது" என்றார். அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால், பாவம், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து சிலுவை அடையாளம்கூட போட்டுக்கொண்டேன். முன் பெஞ்சிலிருந்த தையல்காரம்மா திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் கண் என் முகத்திலிருந்து இறங்கி, கால் தரையில் படுகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி முகத்துக்கு வந்தது.

பூசை முடிகிறவரை ஆடாமல் அசையாமல் இருந்தேன். பாதியில் எழுந்து போனால் விஷயம் இன்னும் விபரீதமாகிவிடும் என்று பயம். நற்கருணை வாங்கப் போனபோது சாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. முப்பத்தைந்து வருஷம் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்திக் கொடுத்தவள் என்பதால் ஊருக்கே நான் கண்ணாடிக்கார அம்மா. அவருக்கும் அப்படித்தான். முழுப்பெயர் தெரிய வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

திருவுடை மாற்றுகிற அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அங்கியைத் தலைவழியாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், இன்னைக்குப் பூசை யாருக்காக?"

"ஒரு அம்மாவுக்கும்மா. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"நல்லாத் தெரியும். அது நான்தான்."

தலை அங்கிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. வெளியே வந்தபோது முடியெல்லாம் கலைந்து, கல்லூரிப் பையன் மாதிரி இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு விவரம் சொன்னார்.

"நேத்து ஒரு வயசான அம்மா வந்தாங்க. கல்லறைத் தோட்டத்துல இருந்து நேரா வர்றதா சொன்னாங்க. அடக்கம் எப்ப நடந்துச்சுன்னு என்கிட்டக் கேட்டாங்க. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி இருக்கும்னு சொல்லிட்டேன். அப்படி அழுதாங்கம்மா. ஒரு பூசை போதாது, தொடர்ந்து முப்பது பூசை வேணும்னு கேட்டாங்க."

"அழும்போது பேசினது புரிஞ்சுதா ஃபாதர்?"

"அதான் ஆச்சரியம். அவ்வளவு அழுகையிலயும் ஒவ்வொரு வார்த்தையும் மணி மாதிரி கேட்டுச்சு."

எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. என் நாத்தனார். ஊரில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர். அப்போது எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. சாமி என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சட்டம் பேசினார். இந்த முப்பது நாள் பூசை இறந்தவர்களுக்கு மட்டும்தானாம். உயிரோடு இருக்கிற ஆளுக்குச் செல்லாதாம். கொடுத்தவரிடம் கேட்டுத்தான் வேறு ஆன்மாவுக்கு மாற்ற முடியுமாம். அந்த அம்மாவுக்கு நான் போன் செய்யட்டுமா என்றார். போனில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்தார்.

நடந்த கதை இதுதான். என் சாவுக்கான ஏற்பாடுகளைப் போன வருஷம் நானே தொடங்கினேன். முழங்கால் ஒன்றைத் தவிர உடம்பில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் என் ஒரே மகன் விமானத்தில் வரவேண்டிய தூரத்தில் இருக்கிறான். அவன் அப்பா போனபோது பெட்டி எந்த நிறம், பாட்டு எது, வண்டி எத்தனை மணிக்கு என்று ஆளாளுக்கு அவனைப் பிடித்துக் கேட்க, பிள்ளை திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான். அந்த முழியை இன்னொரு தடவை அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. போனில் சொன்னபோது, "அம்மா, இதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றான். "இப்ப விட்டா அப்புறம் நான் எப்படிடா பண்ணுவேன்?" என்றேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு சந்தோஷமான வேலையாக அது இருந்தது. என் கல்யாணத்தில் யாரும் என்னை எதையும் கேட்கவில்லை. சேலையை மாமியார் எடுத்தார், தேதியை மாமனார் வைத்தார், மாப்பிள்ளையைக்கூட அப்பாதான் பார்த்தார். (அதில் மட்டும் எனக்குக் குறை இல்லை.) இதையாவது என் இஷ்டத்துக்குச் செய்துகொள்வோமே என்று ஒவ்வொன்றாக ரசித்து ரசித்துச் செய்தேன். பெட்டிக் கடையில் தோள்பக்கம் அகலம் போதுமா என்று சந்தேகப்பட்டேன். கடைக்காரர் எரிச்சலில், "வேணும்னா படுத்துப் பாருங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தேன். இடது முழங்கை இடித்தது, ஒரு அளவு பெரியதாகச் சொல்லிவிட்டு வந்தேன். பாடகர் குழுத் தலைவியைக் கூப்பிட்டு, இழுத்து இழுத்து அழுகிற பாட்டு ஒன்றும் கூடாது, காபி ஆறுவதற்குள் முடிகிற பாட்டாகப் பார்த்துப் பாடுங்கள் என்றேன். பெட்டியில் கண்ணாடி போட்டபடிதான் என்னை வைக்க வேண்டும் என்பதையும் மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். கண்ணாடி இல்லாத என் முகத்தை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. வேறு யாரோ என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள்.

எல்லாம் கூடிவந்தும் ஒன்று மட்டும் கூடிவரவில்லை. அன்றைக்கு வேதாகமத்திலிருந்து முதல் வாசகம் வாசிக்க எனக்கு ஆள் இல்லை. முன்பெல்லாம் எங்கள் பங்கில் யார் இறந்தாலும் அடக்கப் பூசையில் முதல் வாசகம் ரேடியோதான். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிக்கிற வேலை பார்த்தவள். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், வைத்த பெயர் ரேடியோ. பிறகு குரலுக்காக அதுவே நிலைத்துவிட்டது. அவள் வாசிக்கும்போது அழுதுகொண்டிருக்கிறவர்கள் மூக்கைச் சிந்தாமல் கேட்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

எங்களுக்குள் வந்த சண்டை, சொத்துச் சண்டை இல்லை, ஒரு குழியைப் பற்றியது. மாமனாரும் மாமியாரும் கிடக்கிற குடும்பக் கல்லறையில்தான் அண்ணனையும் வைக்க வேண்டும், பின்னாலேயே தானும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. எனக்கு வேறு கணக்கு. ஒரு தடவை திறந்த கல்லறையை மறுபடி திறக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடுவில் நான் போனால் எங்கேயோ ஒரு மூலையில் என்னைப் போட்டுவிட்டு, அப்புறம் திறக்கும்போது அந்த இடத்தில் அவளை வைப்பார்கள். அதனால் இரண்டு பேருக்கு ஆழம் வைத்துப் புதிதாக ஒரு குழி வாங்கினேன். அவர் அடக்கத்தன்று, பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும் அவள் கேட்டாள், "பெத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு எங்க அண்ணனைத் தனியா போடுறீங்களா அண்ணி?" "தனியா எங்க? பின்னாடியே நான் வர்றேன்ல" என்றேன். அன்றைக்கு அவள் வாசிக்கவில்லை. யாரோ ஒருவர் தட்டுத்தடுமாறி வாசித்தார். அப்புறம் வீட்டைக் காலி செய்துகொண்டு நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். பிறகு நம்பரே மாறிவிட்டது. ஆறு வருஷம் ஓடிவிட்டது. நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. மறுபடி வாங்கச் சொன்னாலும் அதே குழியைத்தான் வாங்குவேன். ஆனால் அவள் கோபப்பட்டதும் தப்பில்லை. இரண்டும் சரியாக இருந்துதான் இந்தச் சண்டை தீரவே இல்லை.

கல்லில் என் பெயரை இப்போதே வெட்டச் சொன்னது கல் வெட்டுகிறவரின் யோசனை. என் கணவர் பெயரை ஒரு காலத்திலும் என் பெயரை இன்னொரு காலத்திலும் வெட்டினால் இரண்டும் ஒன்றுபோல் வராது, ஒரே உளி, ஒரே கை, ஒரே வெயிலில் வெட்டினால்தான் ஜோடியாக இருக்கும் என்றார். இரண்டு கண்ணுக்கும் ஒன்றாகக் கண்ணாடி பொருத்தியே பழகிய எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல்லை வைத்தோம். அவர் பெயர், அதன்கீழ் என் பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் இடம். அந்த வெறும் இடம் பார்க்க ஒரு மாதிரியாக இருந்ததால் அதற்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை நானே வாங்கி வைத்தேன். அண்ணனைப் பார்க்க வந்த ரேடியோ கண்டது சிலுவையும் என் பெயரும் செழித்து நிற்கிற பூச்செடியும்தான்.

கோயிலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை நடக்கும்போது ஒரு ஆசை வந்ததை மறைக்கப்போவதில்லை. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? அந்தக் கோடியில் ஒருத்தி என்னை நினைத்து அழுகிறாள், எனக்காக முட்டி போடுகிறாள். அப்படியே விட்டால் முப்பது நாளும் அவள் மனதில் நான் நல்லவளாக இருப்பேன். போய்க் கதவைத் தட்டினால் பழையபடி அண்ணனைப் பிரித்த அண்ணியாகிவிடுவேன். செத்துப்போனவளை மன்னித்தவள் உயிரோடு வந்து நிற்பவளை மன்னிப்பாளா என்பதுதான் எனக்கிருந்த பயம். ஆனால் இல்லாத சாவுக்கு ஒரு வயதானவளை அழவிடுவது பாவம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அவள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, என்ன சொல்லி ஆரம்பிக்கலாம் என்று யோசித்தேன். திடீரென்று முகத்தைக் காட்டினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும், அப்புறம் அந்த முப்பது பூசையை அவளுக்கே வைக்க வேண்டிவரும். முகத்துக்கு முன்னால் குரல் போகட்டும் என்று முடிவு செய்து, கதவைத் தட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று சொன்னேன்.

"ரேடியோ, நான் அண்ணி வந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல. பயப்படாம கதவைத் திற."

திறந்தது எதிர்வீட்டுக் கதவு. அந்த வீட்டுக்காரர் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ரேடியோ வீட்டுக்குள் ஏதோ நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"எந்த அண்ணி?"

"உனக்கு எத்தனை அண்ணி இருக்கோம்?"

சங்கிலி மாட்டியபடியே கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. ஒரு கண் தெரிந்தது. அழுது வீங்கிய கண். போட்டிருந்த கண்ணாடி நான் பொருத்திக் கொடுத்ததுதான், ஆறு வருஷத்தில் மாற்றவில்லை.

"கல்லுல பேரு வெட்டியிருக்கு" என்றாள்.

"வெட்டச் சொன்னது நான்தான். வருஷம் இன்னும் போடல. அந்த வெறும் இடத்தைத் தொட்டி மறைச்சிருக்கும்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். அப்போதுதான் உள்ளே சங்கிலியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினால்தானே சங்கிலியைக் கழற்ற முடியும்.

"இதெல்லாம் ஒரு விளையாட்டா அண்ணி?" என்றாள், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. "நேத்துல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம கிடக்கேன் நான்."

உள்ளே போனேன். முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, துணி மடித்து வைத்த கட்டில். மேஜைமேல் நானும் அவள் அண்ணனும் சேர்ந்து எடுத்த படத்தைச் சாய்த்து வைத்து முன்னால் மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவசரமாகப் போய் ஊதி அணைத்தாள்.

"அது அண்ணனுக்கு ஏத்துனது."

"அவர் வலது பக்கம் நிக்கிறார். மெழுகுவத்தி இடது பக்கம்ல இருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இளைத்திருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. நான் சமையலறைக்குப் போய், கேட்காமலேயே அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். முதல் வாயை மென்று விழுங்கிய பிறகுதான் பேசினாள்.

"செத்ததுகூட எனக்குப் பெருசா தெரியல அண்ணி. சாவுக்குச் சொல்லி அனுப்பக்கூட நான் ஆகாதவளா போயிட்டேனேன்னுதான் அழுதேன்."

"உனக்குச் சொல்லாம சாவேனா நான்?" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"செத்தவங்களை மன்னிக்கிறது சுலபம். திருப்பிப் பேச மாட்டாங்க."

"நான் பேசுவேன்."

"அதான் யோசிக்கிறேன்" என்றாள். இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டாள். "அந்தக் குழி விஷயத்துல எனக்கு இன்னும் கோவம்தான். அதைச் சொல்லிடுறேன்."

"இருக்கட்டும். எனக்கும் அதே குழிதான் வேணும். அதையும் சொல்லிடுறேன்."

அவள் தலையாட்டினாள். ஆறு வருஷத்துச் சண்டை அப்படியே மேஜைமேல் இருந்தது, நாங்கள் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அது ஒன்றும் அத்தனை கஷ்டமாக இல்லை. பூசையை யாருக்கு மாற்றுவது என்று கேட்டேன். சாமி கேட்கச் சொன்னதையும் சொன்னேன். அண்ணனுக்கே போடச் சொல்லுங்கள் என்றாள்.

"அவருக்கு எதுக்கு முப்பது? மனுஷன் அவ்வளவு பாவமா பண்ணினார்?"

"உங்களுக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் நடந்ததுதானே தெரியும்" என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்து அவள் மூச்சு வாங்குகிறவரை காத்திருந்து, வந்ததிலிருந்து நாக்கு நுனியில் நின்றதைக் கேட்டுவிட்டேன். என் அடக்கத்துக்கு முதல் வாசகம் நீதான் வாசிக்க வேண்டும், வாசிப்பாயா என்று. பெட்டி, பாட்டு, கல் எல்லாம் தயார், இது ஒன்றுதான் பாக்கி என்றும் சொன்னேன். அவள் மேஜையில் விழுந்திருந்த ரொட்டித் தூளை விரலால் ஒரு ஓரமாகக் கூட்டினாள்.

"நான் முந்திட்டா?" என்றாள். "இத்தனை பேருக்கு வாசிச்சேனே. எனக்கு யாரு வாசிப்பா?"

இந்தக் கேள்வியை நான் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. என் சாவை இத்தனை அழகாகச் செய்துவைத்த எனக்கு, இவள் சாவில் யார் நிற்பார்கள் என்று தோன்றவில்லை. அவளுக்கு மகன் இல்லை, மகள் இல்லை. அண்ணி மட்டும்தான் இருக்கிறேன்.

"நான் வாசிக்கிறேன்" என்றேன்.

"நீங்களா? உங்க குரல் கல்லா மேஜையைத் தாண்டாது."

"சொல்லிக்கொடு."

நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்தாள். பிறகு எழுந்து போய் உள்ளறையிலிருந்து வேதாகமத்தை எடுத்துவந்து, அவளுக்கு வேண்டிய பக்கத்தைத் தேடாமலேயே திறந்து, சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்தாள். என்னை மேஜைக்குப் பின்னால் நிற்கவைத்தாள். தோள் இரண்டையும் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினாள். "தலை நிமிரணும். புத்தகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது, ஆளைப் பார்த்துப் பேசணும். புள்ளி வந்தா நில்லுங்க. அழுகை வந்தாலும் நில்லுங்க, அழுதுட்டு அப்புறம் வாசிங்க. கண்ணீரோட வாசிச்சா ஒருத்தருக்கும் புரியாது" என்றாள். நான் முதல் வரியை வாசித்தேன். முன் பெஞ்சுக்குக்கூடப் போதாது என்றாள்.

கோயில் இந்த அறையைவிட எத்தனை பெரியது என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு நடையைத் தாண்டி வெளியே போனாள். எதிர்வீட்டுக்காரர் மறுபடி கதவைத் திறந்து பார்த்தார். அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. படிக்கட்டு திரும்புகிற இடத்தில், கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி நின்றாள். அங்கிருந்து அந்தக் குரல் வந்தது, பஸ் நிலையம் முழுக்கக் கேட்ட குரல்.

"கடைசிப் பெஞ்சு இதுதான். வாசிங்க அண்ணி."

வாசித்தேன். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி வாசித்தேன். இன்னும் கொஞ்சம் என்று கையை உயர்த்தினாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மூன்றாவது தடவை முதலிலிருந்து தொடங்கினேன். அந்த மூலையில், கீழ்மாடி ஜன்னலிலிருந்து வந்த காலை வெளிச்சத்தில், ரேடியோ கம்பியிலிருந்து கையை எடுத்து இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.